எந்தச் சாறு, எந்த எண்ணெய்? வீட்டு சாலட் டிரெஸ்ஸிங்குக்கு ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே சாலட் டிரெஸ்ஸிங் செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் எண்ணெயைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஆலிவ் எண்ணெய் வாங்க வேண்டுமா, இருக்கிற நல்லெண்ணெயே போதுமா என்று பேச்சு ஓடும். பழம் மட்டும் அன்றைக்குக் கூடையில் எது கிடக்கிறதோ அது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. சாறு எவ்வளவு புளிக்கிறது என்பதுதான் எண்ணெயின் அளவை முடிவு செய்கிறது. அளவு தெரிந்த பிறகுதான் எந்த எண்ணெய் என்ற கேள்வியே எழ வேண்டும்.

மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் ஓயாமல் வருகிற கணக்கு, ஒரு பங்கு புளிப்புக்கு மூன்று பங்கு எண்ணெய். அது வினிகரை வைத்துப் போட்ட கணக்கு. சாதாரண வினிகரில் 5 முதல் 7 சதவீதம் வரை அமிலம் இருக்கும். எலுமிச்சைச் சாற்றிலும் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 5, 6 சதவீதம். ஆகவே வினிகர் இருந்த இடத்தில் எலுமிச்சை வந்தால் கணக்கு கெடுவதில்லை. ஆரஞ்சுச் சாற்றிலோ அது ஒரு சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. சாத்துக்குடியில் அதற்கும் குறைவு. ஒரு பங்கு ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று பங்கு எண்ணெய் என்று ஊற்றினால் கிடைப்பது பழ வாசனை அடிக்கும் எண்ணெய்தான். நாக்கில் வழவழப்பு தங்கும், காயின் சுவை எழும்பாது. ஆரஞ்சு டிரெஸ்ஸிங் தங்களுக்கு ஒத்துவரவில்லை என்று சலித்துக்கொள்கிற பலருக்கும் நடந்தது இதுதான். குறை பழத்தில் இல்லை, கணக்கில்.

எலுமிச்சையிலேயே தொடங்குவோம். நம் சந்தையில் கிடைக்கிற உருண்டையான, மெல்லிய தோல் கொண்ட சிறு பழமும், அந்தக் குறிப்புகள் சொல்கிற நீளமான, தடித்த தோல் கொண்ட மஞ்சள் பழமும் வேறு வேறு. அந்தப் பெரிய பழம் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டிச் சாறு வரும். நம்முடையதில் ஒன்று, நல்ல பழமாக இருந்தால் ஒன்றரை. "ஒரு எலுமிச்சையின் சாறு" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி ஒரே பழத்தோடு நிறுத்திவிட்டால் டிரெஸ்ஸிங் சப்பென்று போகும். தோல் விஷயத்திலும் அப்படியே. மேல்தோலைத் துருவிப் போடச் சொல்வார்கள். அந்தத் தோலின் நிறமுள்ள மெல்லிய பகுதியில்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. நம் பழத்தின் தோல் காகிதம்போல மெலிந்தது. துருவியில் இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் அடியில் இருக்கும் வெள்ளைத் தோல் வந்துவிடும், அதோடு கசப்பும். அந்த வாசனைதான் வேண்டும் என்றால் எலுமிச்சை இலையோ நார்த்தை இலையோ ஒன்றை நடு நரம்பு நீக்கி, மயிரிழையாக அரிந்து சேர்க்கலாம். நீர்மோரில் கிள்ளிப் போடுகிற அதே இலை. துருவிய தோலைவிட இது எனக்கு ஒரு படி மேலாகவே தோன்றுகிறது.

பிழிவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரும்புப் பிழிகருவியில் வைத்து கடைசிச் சொட்டு வரை நசுக்கினால் தோலின் காரமும் கசப்பும் சேர்ந்து இறங்கும். கையால் பிழிந்து, கொஞ்சம் சாறு மிச்சமிருக்கும்போதே விட்டுவிடுவது நல்லது. ரசத்தில் அந்தக் கசப்பு மறைந்துவிடும். பச்சைக் காயில் மறைய இடமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் எலுமிச்சை விலை ஏறுகிறபோது கடைசிச் சொட்டையும் விட மனம் வராது என்பது தெரியும். 2022 கோடையில் ஒரு பழம் பத்து ரூபாய் வரை விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் அந்தத் தோலை ஊறுகாய்க்குப் போடலாமே தவிர, டிரெஸ்ஸிங்கில் நசுக்க வேண்டாம்.

சாத்துக்குடிதான் ஏமாற்றும் பழம். மலிவு, ஆண்டில் பல மாதம் கிடைக்கும், சாறும் தாராளம். பிழிந்த உடனே ருசி பார்த்தால் இனிப்பாக, மென்மையாக இருக்கிறது. அதே சாற்றை ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, சமையலை முடித்து வந்து மறுபடி ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். முதலில் இனிப்பு, அது அடங்கியதும் தொண்டையின் அடியில் ஒரு கசப்பு பிடிக்கும். நேரம் ஆக ஆக அது கூடும். பழத்துக்குள் கசக்காத ஒரு பொருளாக இருந்தது, பிழிந்ததும் சாற்றின் அமிலம் பட்டு மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. சாறு கடைக்காரர் "உடனே குடித்துவிடுங்கள்" என்று சொல்வது வியாபாரப் பேச்சு மட்டும் அல்ல. ஆகவே சாத்துக்குடி டிரெஸ்ஸிங்கைச் செய்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பிழிந்த கையோடு கலந்து, அந்த வேளையிலேயே சாப்பிட்டுவிடுவதாக இருந்தால் மட்டும் அதைத் தொடலாம். அப்போதும் பக்கத்தில் எலுமிச்சை வேண்டும்.

கமலா ஆரஞ்சுக்கு என் ஓட்டு. நாக்பூர்ப் பழம் வருகிற நவம்பர் முதல் மார்ச் வரை, மூன்று மேசைக்கரண்டி கமலாச் சாறு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டரை அல்லது மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் என்று கலந்தால் தேனோ சர்க்கரையோ தேவைப்படாது. மணத்துக்குக் கமலா, புளிப்புக்கு எலுமிச்சை. கமலாவின் தோலைத் துருவவும் முடியும், அழுத்தாமல் மேலோட்டமாக. வெளிநாட்டிலிருந்து வரும் பளபளப்பான ஆரஞ்சுகளின் தோலை மட்டும் துருவாதீர்கள். அவற்றின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள், பூஞ்சைக்கு மருந்தும் தெளித்திருப்பார்கள். சில உணவகங்களில் ஆரஞ்சுச் சாற்றை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி அதன் புளிப்பை ஏற்றுகிறார்கள். புளிப்பு ஏறும், உண்மைதான். ஆனால் பழத்தின் பச்சை வாசனை ஆவியோடு போய், ஜாம் வாசனை வந்துவிடுகிறது. ஓர் எலுமிச்சையால் தீர்கிற காரியத்துக்கு அடுப்பு எரிப்பானேன்?

பம்பளிமாஸைச் சாறாக்குவது அதற்குச் செய்கிற அநியாயம். அதன் சுளையை உதிர்த்துக் காயோடு சேர்க்க வேண்டும். தாய்லாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, பனைவெல்லம், மிளகாய் இவைதான் கலவை. எண்ணெய் கிடையாது, கொழுப்புக்கு வறுத்த தேங்காயும் வேர்க்கடலையும் இருக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் சில மருந்துகளோடு ஒத்துப்போவதில்லை. குடலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை இந்தப் பழங்கள் முடக்கிவிடுகின்றன. அதனால் சிம்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகளும், ஃபெலோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறலாம். 1980களின் இறுதியில் கனடாவில், ஓர் ஆய்வில் மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தபோது தற்செயலாக வெளிப்பட்ட சங்கதி இது. வீட்டில் இத்தகைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் சேர்க்க வேண்டாம்.

நார்த்தங்காய், கிடாரங்காய் இரண்டையும் பச்சையாகப் பிழிந்தால் கசப்பு ஓங்கிவிடும். ஆனால் ஊறுகாய் ஜாடியில் இருக்கும் உப்பு நார்த்தங்காய் வேறு கதை. ஒரு துண்டை எடுத்து, வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பொடியாக நறுக்கி எலுமிச்சை டிரெஸ்ஸிங்கில் போட்டால் கிடைக்கும் ஆழம் எந்தப் பச்சைப் பழத்திலும் கிடையாது. மொராக்கோக்காரர்கள் உப்பிலிட்ட எலுமிச்சையை சாலட்டில் போடுகிறார்கள் என்று வியக்கிறோம். நம் வீட்டு ஜாடி நினைவுக்கு வருவதில்லை. இதைப் போட்டால் தனி உப்பு வேண்டாம்.

எண்ணெய்க்கு வருவோம்

எலுமிச்சையும் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்தால் தமிழ் மூக்குக்கு முதலில் ஊறுகாய்தான் தோன்றும். அதில் மிளகாய்த் தூளும் ஒரு சிட்டிகை விழுந்தால் சாலட் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் எலுமிச்சைக்கு நான் நல்லெண்ணெயைப் பரிந்துரைக்க மாட்டேன். கமலாவோடு அது நன்றாக ஒட்டிக்கொள்கிறது. கருப்பட்டி போட்டு ஆட்டிய செக்கு எண்ணெயின் அடிக்கசப்பும் ஆரஞ்சின் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. சீனச் சமையலில் வருகிற எள்ளெண்ணெயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வறுத்த எள்ளில் எடுப்பது. சொட்டுக் கணக்கில் விட வேண்டியது. அந்தக் குறிப்பில் ஒரு தேக்கரண்டி என்று இருந்தால் நம் நல்லெண்ணெயில் அதே வாசனையை எதிர்பார்ப்பது வீண்.

எலுமிச்சைக்கு ஏற்றது கடலை எண்ணெய். செக்கில் ஆட்டியது என்றால் அதன் பச்சைக்கடலை வாசனை சுண்டல், முளைகட்டிய பயறு, முட்டைக்கோஸ் இவற்றோடு இயல்பாக இணங்கும். இலைக்கீரை வகைகளை மட்டும் அமுக்கிவிடும். சூரியகாந்தி எண்ணெயும் தவிட்டெண்ணெயும் வாசனை ஏதும் சொல்லாமல் ஒதுங்கி நிற்கிறவை. பழத்தின் மணம் மட்டுமே தெரிய வேண்டும் என்கிறவர்களுக்கு இது குறையல்ல, வசதி.

ஆலிவ் எண்ணெய் வாங்குவதானால் சுத்திகரிக்காமல் பழத்திலிருந்து நேரே எடுத்த எக்ஸ்ட்ரா வெர்ஜின் வாங்குங்கள், இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். பொமாஸ் என்று எழுதிய புட்டிகள் பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தவை; பொரிக்க உதவும், டிரெஸ்ஸிங்கில் அதற்குச் சொந்தக் குரல் இல்லை. அதற்குக் கொடுக்கிற காசுக்கு நல்ல கடலை எண்ணெய் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். எக்ஸ்ட்ரா வெர்ஜினையும் மிக்ஸியில் அடிக்காதீர்கள். வேகமாக அடிபட்டால் அதிலுள்ள கசப்புப் பொருள்கள் வெளியேறி டிரெஸ்ஸிங்கையே கசக்க வைக்கும். கையால் குலுக்கினால் அந்த வம்பு இல்லை.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளரித் துண்டுகளின் மேல் அதை ஊற்றிப் பாருங்கள்: காயைத் தொட்ட இடத்தில் எண்ணெய் வெளுத்து, கடுகளவு வெள்ளைப் பொட்டுகளாக ஒட்டிக்கொள்ளும். கடித்தால் மெழுகு. அறைச் சூட்டில் இருக்கும் காய்க்கும், இளஞ்சூடான சுண்டலுக்கும் மட்டும் அது சரி. தேங்காய்ச் சுவை வேண்டும் என்றால் எண்ணெயை விட்டு நேரே தேங்காய்க்குப் போகலாம். யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலில் இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் (துருவிய தேங்காய்) சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடுகிறார்கள். புளிப்பும் கொழுப்பும் அதில் இருக்கின்றன. புட்டியும் குலுக்கலும் தேவையில்லை.

எண்ணெயே இல்லாமல் வெறும் சாறு போதாதா என்று உடல் எடையைக் கவனிக்கிறவர்கள் கேட்பார்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், அது எந்த எண்ணெயாக இருந்தாலும், சுமார் 120 கலோரி. கேள்வி நியாயமானதே. ஆனால் கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற கரோட்டினை உடல் சரியாக உறிஞ்சக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெயை அடியோடு நீக்குவதைவிட, தலைக்கு இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். வெள்ளரியும் வெங்காயமும் மட்டும் என்றால் வெறும் எலுமிச்சையும் உப்பும் தாராளமாகப் போதும்.

எதை வைத்துச் சேர்ப்பது

சாறும் எண்ணெயும் தாமாகச் சேராது. குலுக்கினால் சில நிமிடம் கூடியிருக்கும், பிறகு பிரியும். உடனே சாப்பிடுவதானால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. இடையில் ஒருவர் வேண்டும் என்றால் கடுகுதான் முதல் ஆள். தாளித்த கடுகு அல்ல. சூட்டில் வெடித்த கடுகில் காரத்தை உண்டாக்கும் நொதி செத்துவிடுகிறது. அது மணத்துக்கு மட்டுமே. பச்சைக் கடுகு அரைத் தேக்கரண்டியைப் பொடித்து, முதலில் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் காரம் பிறக்கிறது. தண்ணீருக்குப் பதில் எடுத்த எடுப்பிலேயே எலுமிச்சைச் சாற்றை விட்டால், அமிலம் அந்த நொதியைத் தடுத்துவிடும். கடுகு கசக்குமே ஒழிய உறைக்காது. பத்து நிமிடம் கழிந்து மூக்கில் சுள்ளென்று ஏறுகிறபோது சாற்றை விட்டால், அந்தக் காரம் அப்படியே நிற்கும். கடுகுப் பொடியின் பிசின்தன்மை எண்ணெய்த் துளிகளைப் பிரித்துப் பிடித்துக்கொள்வதால், கலவை மஞ்சளாக, சற்றுக் கெட்டியாக நிற்கும்.

தேன் இதில் பாதி வேலைதான் செய்யும். கெட்டித்தன்மையால் பிரிவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தயிர் நன்றாகச் சேர்த்துவைக்கும், ஆனால் அதற்குப் பிறகு அது பச்சடிக்குப் பக்கத்து வீடு. வறுத்த வேர்க்கடலையை விழுதாக அரைத்துச் சேர்ப்பது முட்டைக்கோஸுக்கும் கேரட்டுக்கும் மிக நன்று. இலைக்கு அது பாரம்.

எது முதலில் சேருகிறது என்பதும் முக்கியம். உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே சாற்றில் உப்பைப் போட்டுக் கரைத்து, கடுகையும் மிளகுத் தூளையும் சேர்த்து, எண்ணெயைக் கடைசியில் விட்டு, மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் குலுக்க வேண்டும். நால்வருக்கு எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் நான்கு, உப்பு அரைத் தேக்கரண்டி என்று தொடங்கலாம். ஒன்றுக்கு மூன்று என்று நான் சொல்லவில்லை; புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு ஒன்றுக்கு இரண்டே சரியாக இருக்கிறது. ருசி பார்ப்பதைக் கரண்டியில் செய்யாமல் ஒரு துண்டு வெள்ளரியை முக்கிப் பாருங்கள். தனியாகக் கடுமையாகத் தெரிகிற டிரெஸ்ஸிங் காயோடு சேரும்போது சரியாகிவிடும்.

எந்தக் காய்க்கு எது

கோசுமல்லி வகைக்கு, அதாவது ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, கேரட் என்றால், எலுமிச்சையும் கடலை எண்ணெயும். அதிலும் உப்பும் சாறும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான். முன்பே போட்டால் உப்பு வெள்ளரியின் நீரை இழுத்து, தட்டின் அடியில் குளம் கட்டிவிடும். துருவிய முட்டைக்கோஸ் நேர் எதிர். அரை மணி நேரம் ஊறினால்தான் அதன் முறைப்பு அடங்கும். பீட்ரூட்டை வேகவைத்து நறுக்கினால் அதற்குக் கமலாவும் நல்லெண்ணெயும் ஜோடி. இந்த ஒன்றுக்காகவே நாக்பூர்ப் பருவத்துக்குக் காத்திருக்கலாம்.

அவித்த பீன்ஸ், பட்டாணி போன்ற பச்சை நிறக் காய்களுக்கு எந்தப் பழச் சாறானாலும் கடைசி நிமிடத்தில்தான். அமிலம் பட்டால் பச்சையம் தன் மக்னீசியத்தை இழந்து பழுப்புப் பச்சையாகிவிடும். சுவை கெடாது, ஆனால் பார்க்க நேற்றைய கறிபோல இருக்கும். லெட்டூஸ் போன்ற இலைகளை வாட்டுவது புளிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட விரைவாக வாட்டுவது எண்ணெய். இலையின் மேல் இருக்கும் மெழுகுப் படலத்தை ஊடுருவுவது அதுதான். கடுகு போட்டு நன்றாகக் குலுக்கிய கலவையில் எண்ணெய் துளிகளாகச் சாற்றுக்குள் சிறைப்பட்டிருப்பதால் இலை கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். இலையில் ஈரம் இருந்தால் எந்த டிரெஸ்ஸிங்கும் ஒட்டாது என்பதால், கழுவிய பின் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

செய்து வைக்கலாமா, கடையில் வாங்கிவிடலாமா என்ற கேள்விக்கு, கடைப் புட்டியின் ஒரே பலம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது என்பேன். அதற்காக அதில் சேர்த்திருக்கும் சர்க்கரையையும் கெட்டிப்படுத்தும் பசையையும் புட்டியின் பின்பக்கத்தில் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு எலுமிச்சை டிரெஸ்ஸிங் குளிர்பதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாள் தாங்கும். ஆனால் புதுச்சாற்றின் மணம் முதல் நாளோடு சரி. அதனால் எண்ணெய், மிளகு இரண்டையும் ஒரு புட்டியில் கலந்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் குழைத்த கடுகையும் சாற்றையும் மட்டும் சாப்பிடும் வேளையில் சேர்ப்பது நல்ல ஏற்பாடு. ஆலிவ் எண்ணெய் குளிரில் கலங்கி உறைந்தால் பயப்பட வேண்டாம், வெளியே சற்று நேரம் வைத்தால் தெளியும். பச்சைப் பூண்டு தட்டிப் போடுவதானால் மட்டும் இந்த முன்னேற்பாடு கூடாது. எண்ணெயில் மூழ்கிய பூண்டு அறைச் சூட்டில் கிடந்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வழியுண்டு, அதற்கு வாசனையும் கிடையாது, நிறமாற்றமும் தெரியாது. பூண்டை அன்றன்று தட்டி, அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.